பாதிக்குப் பாதி

தையல் கூடத்தின் கதவு காலை எட்டே காலுக்குத் திறக்கும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். அவள் மட்டும் கூடத்தின் நடுவே கிடக்கும் நீள மேசையைப் பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் வயிறு பற்றிக்கொள்ளும். பதினோரு வருஷம் அவள் நின்று வேலை பார்த்த மேசை அது. இப்போது அதன் தலைமாட்டில் அவள் வீட்டுக்காரன் நிற்கிறான்.

அந்த மேசையில் நடப்பது இரண்டு வேலை. நாற்பது அடுக்காக விரித்த துணியின் மேல் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று வெட்டி வைத்த அட்டைகளைத் துளி இடம் வீணாகாமல் பரப்பி, ஓரத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுவது முதல் வேலை. கோட்டின் மேல் மெஷினை ஓட்டி நாற்பது அடுக்கையும் ஒரே போக்கில் வெட்டி எடுப்பது இரண்டாவது. முதல் வேலை அவளுடையதாக இருந்ததால் கூடத்தில் அவளுக்கு சாக்பீஸ் என்று பெயர். வெட்டுகிறவன் கத்திரி. கோபம் வந்தால் வீட்டில் அவள் அதைக் கத்திரிக்காய் என்று நீட்டுவாள். பெற்றவர்கள் வைத்த பெயர் இரண்டு பேருக்கும் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை.

இப்போது இரண்டு வேலையும் கத்திரிக்கே. சாக்பீஸ் மூலையில் பொத்தான் மேசையில் உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் பொத்தான் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, நூல் பிசிறைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை, நாலாயிரத்துச் சொச்சம் பொத்தான். ஒவ்வொரு பொத்தானையும் அவன் காதைப் பிடித்துத் திருகுகிற மாதிரிதான் திருகினாள்.

இதில் நியாயம் எங்கே என்பதுதான் அவள் கேள்வி. குடித்தது இரண்டு பேரும். அவன் பத்தொன்பது வருஷம், அவள் ஏழே வருஷம்.

அவள் குடிக்க ஆரம்பித்ததே பொறாமையில்தான். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. வேலை முடிந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே இடுப்பு வலி. அவன் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்வான். கால் மணி நேரத்தில் அவன் முகம் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்பெல்லாம் போய் வழவழப்பாகிவிடும். அவள் அடுப்படியில் நின்றபடி அந்த முகத்தைப் பார்ப்பாள். தனக்கு மட்டும் ஏன் அந்த நிம்மதி இல்லை என்று பார்த்துப் பார்த்துப் பொருமினாள். ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு வந்து, "எனக்கும் ஊத்து" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஒரு விரல் அளவு ஊற்றினான். "இதென்ன கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தா? பாதிக்குப் பாதி ஊத்து" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம். பாட்டில் வந்ததும் அவள் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நட்டநடுவே ஒரு கோடு போடுவாள். கோட்டுக்கு மேலே இருப்பது அவனுக்கு, கீழே இருப்பது அவளுக்கு. ஒரு தடவை அவன் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை குடித்துவிட்டான். மூன்று நாள் அவள் பேசவில்லை. உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாவது புருஷனோடு இதற்காகச் சண்டை போட்டிருப்பாளா தெரியாது. அவள் போட்டாள், ஜெயித்தாள், அந்த ஒரு விரற்கடையையும் அடுத்த பாட்டிலில் வட்டியோடு வாங்கிக் குடித்தாள்.

நாலாவது வருஷத்திலேயே அவளுக்குக் காலையில் கை நடுங்கியது. அவனுக்கு நடுங்கவில்லை. ஆறாவது வருஷத்தில் சாக்பீஸ் கோடு புழுவாக நெளிந்தது. அவன் மெஷின் நேராகத்தான் ஓடியது. ஏழாவது வருஷம் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான இருநூறு சட்டைக்குத் துணி விரித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த துணி, எல்லா அடுக்கும் முகம் மேலே பார்க்க. அப்படி விரித்தால் கை அட்டையை ஒரு தடவை அப்படியே வைத்து, ஒரு தடவை கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு வலது கையும் ஒரு இடது கையும் கிடைக்கும். அவள் கவிழ்க்க மறந்தாள். மொத்தம் நானூறு இடது கை. தையல் மெஷின்காரிகள் கையில் கையை வைத்துக்கொண்டு விழித்தார்கள். இடது பக்கம் மட்டும் இரண்டு கை உள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்தவர்கள், முதலாளியம்மா வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெட்டியவன் அவன். வெட்டுவதற்கு முன் மேசையை ஒரு சுற்று சுற்றிவந்து ஒவ்வொரு கோட்டையும் பார்க்க வேண்டியது வெட்டுகிறவன் பொறுப்பு. அன்றைக்கு அவனும்தான் போதையில் சுற்றிவந்தான். ஆனால் பழி முழுக்கக் கோடு போட்டவள் தலையில் விழுந்தது. அதில் மட்டும் பாதிக்குப் பாதி இல்லை.

இரண்டு பேரும் ஒரே நாளில் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார்கள், ஒரே நாளில் வெளியே வந்தார்கள். பதினாலு மாதமாக ஒரு சொட்டு இல்லை. அவனுக்கு மூன்றாவது வாரமே மெஷின் திரும்பக் கிடைத்தது. பிறகு அவள் மேசையும் கிடைத்தது. அவன் அக்கா தொலைபேசியில், "என் தம்பி சிங்கம்டா! ஒரே மூச்சுல விட்டுட்டான் பாரு" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ எப்படி இருக்கா? பொம்பளை குடிச்சா அது அவ்வளவு சுலபத்துல போகாதேடா" என்றாள். பக்கத்தில் நின்ற இவளுக்கு எல்லாம் கேட்டது. நாத்தனாரின் நாக்கு தாழ்ந்த குரலில்தான் இன்னும் நன்றாகக் கேட்கும்.

திங்கட்கிழமை முதலாளியம்மா பொத்தான் மேசைக்கு வந்தாள். அவள் வந்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

"உன் வீட்டுக்காரன் ஒத்தை ஆளா ரெண்டு வேலையும் பார்த்துத் திணறுறான். அட்டை பரப்ப எனக்கு ஒரு ஆள் வேணும். வெளியில இருந்து ஒருத்தர் வரேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு முன்னாடி உனக்கு ஒரு வாய்ப்பு தரேன். வெள்ளிக்கிழமை காலைல, அந்தப் புது மாடல், கட்டம் போட்ட துணி. ஒரு அடுக்குக்கு எட்டுச் சட்டை அடங்கணும். அவன் ஏழு மீட்டர்ல அடக்கியிருக்கான். நீ அதுக்கு மேல ஒரு இன்ச் எடுக்கக் கூடாது."

"எடுத்தா?"

"அவரை வரச் சொல்லிடுவேன். அப்புறம் மேசைன்னு என்கிட்ட பேச்சே வரக்கூடாது. சரியா?"

சரி என்றாள். ஆனால் அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது மேசை இல்லை, அந்த ஏழு மீட்டர்தான். அவன் அடக்கியிருக்கிறானாம். அட்டை பிடிக்கவே அவளிடம் கற்றுக்கொண்டவன்!

புதன்கிழமை இரண்டு பேருக்கும் மருத்துவமனையில் நாள் குறித்திருந்தது. குடியை விட்ட ஆண்களின் மூளையும் பெண்களின் மூளையும் எப்படி எப்படி ஆறுகின்றன என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. மையத்தில் சொல்லி இவர்களும் சேர்ந்திருந்தார்கள். முந்தைய தடவைகளில் குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுகிற நாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம்.

"உங்க ஞாபகசக்தி நல்லா தேறியிருக்கு. கவனமும் பரவாயில்ல. ஒரு வடிவத்தை மனசுக்குள்ளயே திருப்பிப் பார்க்கிறதுலதான் இன்னும் சிரமப்படுறீங்க" என்றாள்.

சாக்பீஸுக்கு நானூறு இடது கைகளும் ஒன்றாக முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அவருக்கு?" என்றாள்.

"அவரோடதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா."

"பத்தொன்பது வருஷம் குடிச்சவரு டாக்டரம்மா. நான் ஏழே வருஷம். அவரு நேரா நடக்குறாரு, நேரா வெட்டுறாரு, எல்லாரும் அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு சேதம்? நான் அவரை விட ஒரு சொட்டு அதிகமாக் குடிச்சதில்ல. சரிபாதி. கோடு போட்டுக் குடிச்சோம்."

"கோடு போட்டா?"

அவள் விளக்கினாள், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, கோபப்படாம கேளுங்க. ஒரே அளவு ஊத்தினாலும் ரெண்டு உடம்பும் அதை ஒரே மாதிரி எடுத்துக்காது. பொதுவா பொம்பளைங்க உடம்புல தண்ணியோட பங்கு கம்மி. அதனால அதே பாதி உங்க ரத்தத்துல கூடுதலாத்தான் ஏறியிருக்கும். அவர் எடை என்ன, உங்க எடை என்ன? அதையும் சேர்த்துப் பாருங்க. முதல் கிளாஸ்ல இருந்து விட முடியாத நிலைமைக்கு வர்ற வழியும் நிறைய பொம்பளைங்களுக்குக் குறுக்கு வழியா இருந்திருக்கு."

"அப்போ அது பாதி இல்லையா?"

"பாட்டில்ல பாதிதான். உடம்புக்குள்ள போனப்புறம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு விரற்கடைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தாளே, அந்த மூன்று நாளும் ஞாபகம் வந்தது. தன் பங்கு தன் பங்கு என்று மல்லுக்கட்டி, அவனுக்குப் போக வேண்டிய சேதத்தையும் சேர்த்துத் தானே கேட்டு வாங்கியிருக்கிறாள். பொறாமை இவ்வளவு உழைத்துத் தனக்கு வாங்கிக் கொடுத்தது இதைத்தான் என்று நினைத்தபோது எழுந்து யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க அங்கே டாக்டரம்மாவைத் தவிர ஆளில்லை, அவளோ நல்ல மாதிரி.

"இதெல்லாம் நூறு பேரை, இருநூறு பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்றதும்மா. உங்க ஒருத்தங்களுக்கு இப்படித்தான்னு தலையெழுத்து மாதிரி எடுத்துக்காதீங்க. குடியை நிறுத்தின மூளை ஆறிக்கிட்டுதான் வரும். எங்களுக்கே புரியாதது இதுல இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்லி, கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள் டாக்டரம்மா.

அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. அவன் உள்ளே போய் நாற்பது நிமிஷம் கழித்து வந்தான். அதிலும் அவளுக்கு ஒரு குத்தல். அப்படி என்ன நாற்பது நிமிஷப் பாராட்டு? ஆளைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பாள்.

பேருந்தில் ஏறியதும் ஆரம்பித்தாள். "என்ன சொன்னாங்க? முதல் வகுப்பா? தங்கப் பதக்கமா?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் இருக்கும் இடத்தில் அவனை வாங்க போங்க என்பாள், இன்றைக்கு அந்த 'ங்க' எல்லாம் ஏறிய படியிலேயே உதிர்ந்துவிட்டது. "உன்னைத்தான் கேக்குறேன். பத்தொன்பது வருஷம் ஊறியும் ஊறாத மூளைன்னு சொன்னாங்களா?"

வழக்கமான நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே அவன் இறங்கிவிட்டான். பின்னாலேயே அவளும் இறங்கினாள். சாயங்கால வெயிலில் நடைபாதையில் இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு செருப்புக் கடை வாசலில் அவன் நின்றான்.

"மெஷினுக்குள்ள படுக்க வச்சு படம் காட்டினாங்கல்ல?"

"ஆமா. குழந்தை சிரிக்கிறது, கடல், சாப்பாட்டுத் தட்டு."

"அந்தப் படமெல்லாம் பார்த்தா மூளைல ஒரு இடம் முழிச்சுக்கணுமாம். சந்தோஷம், வேணும்ங்கிற ஆசை, அதெல்லாம் இருக்குற இடமாம். எனக்கு அது முழிக்கவே இல்லையாம். அளவும் கொஞ்சம் சின்னதா இருக்காம்."

"உனக்கா?"

"குடிச்ச ஆம்பளைங்க சில பேருக்கு அப்படிப் பார்த்திருக்காங்களாம். பொம்பளைங்களுக்கு அப்படி இல்லையாம், நேர்மாறாக்கூட இருந்திருக்காம். ஏன்னு தெரியாதாம். குடிச்சதால அப்படி ஆச்சா, இல்ல பிறக்கும்போதே அப்படி இருந்து, அதனாலதான் குடிக்கவே போனேனான்னும் தெரியாதாம்." யாருடைய சட்டை அளவையோ சொல்கிற மாதிரிச் சொன்னான். "ஒரு தாள் குடுத்தாங்க. கடைசியா எப்போ வாய்விட்டுச் சிரிச்சீங்கன்னு ஒரு கேள்வி. யோசிச்சுப் பார்த்தேன். அந்த இடத்தைக் காலியாவே விட்டுட்டேன்."

அவளுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? இதிலும் அவனுக்குத்தான் பெரிய வியாதியா என்ற எரிச்சல். அப்படி ஒரு ஜென்மம் அவள். வந்த வேகத்தில் அது போயும் போனது. பதினாலு மாதமாக இந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுந்ததில்லை. அவள் அதை நிம்மதி என்று நினைத்திருந்தாள். நினைத்து நினைத்துப் பொருமியிருந்தாள்.

"மேசை குடுத்தாங்க. எனக்கு ஒண்ணுமே வரல. அக்கா சிங்கம்னு சொன்னா. அதுக்கும் ஒண்ணும் வரல" என்றான். "நீ பொத்தான் மேசைல இருந்து என்னை முறைப்பே பாரு, அப்போ நினைச்சுக்குவேன், இவளுக்கு எவ்வளவு வேணும்னு இருக்குன்னு. எனக்கு அந்த மாதிரி எதுவுமே வேணும்னு தோண மாட்டேங்குதும்மா. உன்னைப் பார்த்துப் பொறாமையாவது படலாம்னு பார்த்தா, அதுவும் வரல."

"குடிக்கணும்னு தோணுதா?" என்று கேட்டாள்.

"அதுகூட இல்ல."

எதுவும் வேண்டாம் என்கிறவன் அதை மட்டும் எத்தனை நாள் வேண்டாம் என்பான்? ஒரு நாள் அந்தக் காலி இடத்தில் ஏதாவது ஒன்றை ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினால்? அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். செருப்புக் கடைக்காரர் இவர்கள் ஏதோ ஜோடி பார்க்கிறார்கள் என்று நினைத்து வெளியே வந்து, இவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

நடக்கத் தொடங்கியதும் அவன் சொன்னான்: "வெள்ளிக்கிழமை நீ எப்படிப் பரப்பினாலும் சரின்னு சொல்லிடுறேன். மேசையை நீயே எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல."

பிடித்த கையை உதறினாள். "பிச்சை போடுறியா? கத்திரிக்காய்! உன் ஏழு மீட்டர்ல ஒரு நூல் அளவு நான் அதிகமா எடுத்தாலும் நீயே முதல் ஆளா சொல்லணும். விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, நான் பொத்தான் மேசையிலயே செத்துப் போறேன்."

"சரி" என்றான். அந்தச் 'சரி'யிலும் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை துணி விரித்துத் தயாராக இருந்தது. நாற்பது அடுக்கு, கட்டம் போட்ட துணி, முகம் மேலே பார்க்க. விரிக்கிற இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள். முதலாளியம்மா ஏழாவது மீட்டரில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் தன் அறை வாசலில் நின்றுகொண்டாள். கத்திரி மெஷின் பக்கத்தில் கையைக் கட்டி நின்றான்.

முன்பெல்லாம் அவள் அட்டையைத் தொடுவதற்கு முன்பே துணி முழுக்க மனசுக்குள் நிரம்பிவிடும். எது எங்கே, எது கவிழ்த்து, எது நேராக என்று தலைக்குள்ளேயே திரும்பும். இன்றைக்கு அட்டையைப் பார்த்தாள், அது அட்டையாகவே இருந்தது. கை அட்டை ஒன்றை எடுத்தாள். இது வலதா, இடதா? மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். பாதி திரும்பி நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றாள். நெற்றியில் வேர்த்தது. பொத்தான் மேசையிலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அவள் அட்டையைத் தூக்கித் தன் தோளில் வைத்தாள். வலது தோள். வளைவு முன்னால் வந்தது. அப்படியானால் இது வலது கை. கவிழ்த்து இடது தோளில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. தையல் மெஷின்காரிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "என்னக்கா, அட்டையிலயே சட்டை போட்டுப் பார்க்குறீங்க?" கூடமே சிரித்தது. அவள் திரும்பவில்லை. அடுத்த அட்டையைத் தோளில் வைத்தாள், அதற்கடுத்ததை நெஞ்சில் வைத்தாள், காலரைக் கழுத்தில் சுற்றினாள். எட்டுச் சட்டைக்கும் ஒவ்வொரு அட்டையையும் தன் உடம்பில் வைத்துப் பார்த்து, பார்த்த பிறகே துணியில் வைத்தாள். சிரித்தவர்கள் சிரித்து முடித்து அவரவர் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

முன்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை. இப்போது மூன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை எல்லாவற்றையும் கலைத்தாள். மூன்றாவது தடவை, எல்லாரும் நேராகப் படுக்கவைக்கிற காலரை, இரண்டு கைகளின் வளைவுக்கு நடுவே விழுந்த சந்தில் தலைகீழாகச் சொருகினாள். கட்டமும் பொருந்தியது, சந்தும் அடைந்தது. அது மனசில் தோன்றி வந்ததில்லை, கை தானாகத் தடவிக் கண்டுபிடித்தது. பிறகு சாக்பீஸை எடுத்தாள். கோடு நேராகத்தான் போனது.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கடைசி அட்டைக்கும் முதலாளியம்மா போட்ட குறுக்குக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் துணி வெறுமையாகக் கிடந்தது.

முதலாளியம்மா டேப்பை வைத்துப் பார்த்தாள். கத்திரியைப் பார்த்தாள். அவன் மேசையைச் சுற்றிவர ஆரம்பித்தான். வெட்டுகிறவன் சரி என்று சொன்னால்தான் மெஷின் ஓடும். சாக்பீஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று சும்மா சொல்லிவிடப் போகிறான் என்று பயந்தாள். தப்பு கண்டுபிடித்துவிடப் போகிறான் என்றும் பயந்தாள். இரண்டில் எது பெரிய பயம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அவன் ஒரு சுற்று வந்தான். கைகளை எண்ணினான், பதினாறு, எட்டு வலது, எட்டு இடது. இரண்டாவது சுற்று வந்தான். யாரும் இரண்டு சுற்று வருவதில்லை. காலர் சொருகிய சந்தருகே குனிந்தான். முதலாளியம்மா கையிலிருந்து டேப்பை வாங்கி அந்த ஒரு சாணைத் தானே அளந்தான். சுருட்டினான். விரித்து மறுபடியும் அளந்தான்.

"கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். பிறகு, "ஆனா துணியை இழுத்துல்ல விரிச்சிருக்காங்க?" என்றான்.

விரித்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இல்லண்ணே, எப்பவும் போலத்தான் விரிச்சோம்."

"எனக்கு விரிச்சப்போ தொளதொளன்னு விரிச்சீங்க. இவங்களுக்கு மட்டும் நல்லா இழுத்துப் பிடிச்சு விரிச்சிருக்கீங்க. அதான் ஒரு சாண் மிஞ்சுது. இல்லேன்னா எப்படி மிஞ்சும்?" அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அதுவுமில்லாம, எனக்கு மட்டும் மூணரை மணி நேரம் குடுத்திருந்தா நானும்தான் காலரைச் சொருகியிருப்பேன். என்னை அவசரப்படுத்தினீங்க."

முதலாளியம்மா, "உன்னை யாரு அவசரப்படுத்தினா? நல்லா இருக்கே கதை!" என்று சிரித்துவிட்டாள். "மேசை அவளுக்குத்தான். நீ வெட்டுற வேலையைப் பாரு. அவளுக்கு ஆகுற நேரம் போகப் போகக் குறையும்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வேறு நாளாக இருந்தால் 'இழுத்து விரிச்சாங்க' என்ற வார்த்தைக்கு சாக்பீஸ் கூடத்தை இரண்டாக்கியிருப்பாள். இன்றைக்கு அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் சிவந்திருந்தன. தாடை இறுகி, மூக்கு விடைத்து, நெற்றியில் அழகாக மூன்று மடிப்பு விழுந்திருந்தது. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"இல்ல, சொன்னீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

"இழுத்து விரிச்சாங்கன்னு சொன்னேன். அந்தக் காலர் எனக்கு ஏன் தோணாமப் போச்சுன்னு..." அவன் நிறுத்தினான். தன் நெஞ்சைத் தானே தடவிப் பார்த்தான், அங்கே ஏதோ முள் குத்தின மாதிரி. அவளைத் திருதிருவென்று பார்த்தான்.

"வயிறு எரியுதா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

அவன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான்.

"எரியுது" என்றான்.

அவ்வளவுதான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மேசை திரும்பக் கிடைத்ததற்காக அழுகிறாள் என்று தையல் மெஷின்காரிகள் எழுந்து வந்து தோளைத் தட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், இவ்வளவு ஆசை வைத்திருந்தாயா என்று கேட்டார்கள். அவள் அவர்கள் தலைகளுக்கு மேலே எட்டி அவனைத் தேடினாள். அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாக அந்தத் துணியை அளந்துகொண்டிருந்தான்.